ஒரு ஆளுக்குத்தான் இடம்

ஓட்டப்பிடாரத்துக்குப் போயிருக்கிறீர்களா? தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறினால் வழியெல்லாம் உடைமரமும் கரிசல் காடும்தான். கம்பு, உளுந்து, பருத்தி. கடல் கண்ணிலேயே படாது. அந்த ஊரில் 1872-ல் பிறந்த ஒரு வக்கீல்தான் 1906-ல் கம்பெனி ஆரம்பித்து, வெள்ளைக்காரனுக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். காலியோ, லாவோ என்று அந்தக் கப்பல்களின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1961-ல் சிவாஜி நடித்த படமும் வந்துவிட்டது. அதற்கப்புறம் நமக்கு வ.உ.சி. என்றால் கப்பல், கப்பல் என்றால் வ.உ.சி.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழம் போதாது. கடலுக்குள்ளே வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் படகில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அந்தப் படகை வலித்தவன் யார்? வாடைக் காற்றில் அலை தூக்கியடிக்கும்போது அவன் என்ன செய்தான்? கப்பலோட்டிய தமிழனுக்குச் சிலை இருக்கிறது, படம் இருக்கிறது, பாடம் இருக்கிறது. படகோட்டிய தமிழனுக்கு?

இந்த வாரம் அவனைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவனைப் பற்றி வந்த புத்தகங்களைப் பற்றி, அதைவிட முக்கியமாக வராத புத்தகங்களைப் பற்றி.

வெள்ளைக்காரனிடம் இந்த வகைக் கதைகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. 1789-ல் 'பவுண்டி' கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து, கேப்டன் வில்லியம் ப்ளையையும் அவருக்கு விசுவாசமான பதினெட்டு பேரையும் 23 அடி நீளமுள்ள ஒரு திறந்த படகில் இறக்கி விட்டுவிட்டார்கள். பசிபிக் கடல். ப்ளை அந்தப் படகை ஏறத்தாழ 3,600 கடல் மைல் ஓட்டி, 47 நாளில் திமோர் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் ஒரு தீவில் இறங்கியபோது அங்கிருந்தவர்கள் அடித்ததில் ஒருவர் செத்தார். கடல் ஒருவரையும் கொண்டுபோகவில்லை. இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்து, துப்பாக்கிக் குண்டைப் படிக்கல்லாக வைத்து, ரொட்டியை எடை போட்டுப் பங்கு வைத்தாராம். நம்மூர் ரேஷன் கடைக்காரர்கள் கவனிக்க!

1916-ல் ஷாக்கிள்டன். தென் துருவப் பனியில் கப்பல் நொறுங்கிப்போய், எலிஃபன்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, ஐந்து பேரோடு 'ஜேம்ஸ் கெயர்ட்' என்ற 22 அடிச் சொச்சப் படகில் கிளம்பினார். உலகத்திலேயே மோசமான கடல். பதினாறு நாளில் 800 கடல் மைல் கடந்து சவுத் ஜார்ஜியாவைத் தொட்டார். பிறகு திரும்பி வந்து அந்த 22 பேரையும் உயிரோடு மீட்டார்.

படிக்கும்போது மயிர்க்கூச்செறியும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் சொன்னது யார் என்று பாருங்கள். கேப்டன். அவர் கையில் நாட்குறிப்பு இருந்தது. இத்தனை மைல், இத்தனை அவுன்ஸ் ரொட்டி, இன்றைக்கு இந்தத் திசையில் காற்று என்று எழுதிக்கொண்டே வந்தார். ஊர் திரும்பியதும் புத்தகம் போட்டார். அதனால் இந்தக் கதைகளில் கடல் எப்போதும் ஒரு எதிரி, கேப்டன் ஜெயிக்கிறவர், மற்றவர்கள் ஜெயிக்க உதவியவர்கள்.

நம் ஊரில் கதை வேறு. கடலுக்குப் போனவன் எழுதவில்லை. எழுதியவன் கடலுக்குப் போகவில்லை.

சங்க காலத்திலிருந்தே இப்படித்தான். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் என்ன? இரங்கல். கடலுக்குப் போனவனை நினைத்துக் கரையில் நிற்பவள் வருந்துவது. அற்புதமான கவிதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவிதைகளின் கண் பெரும்பாலும் கரையில் இருக்கிறது. மணல், புன்னை மரம், நண்டு, உப்பங்கழி, காத்திருக்கும் பெண். படகுக்குள் இருப்பவனுக்கு அப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

இந்தக் கரைப் பார்வை இருபதாம் நூற்றாண்டிலும் போகவில்லை. தகழியின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. சுந்தர ராமசாமி தமிழாக்கினார், நாமும் உருகி உருகிப் படித்தோம். அதில் கடலுக்குப் போகிறவன் உயிரோடு திரும்புவது எதைப் பொறுத்திருக்கிறது? கரையில் இருக்கும் மனைவியின் கற்பைப் பொறுத்து! கடைசியில் பழனி தனியாகச் சிறு தோணியில் சுறாவோடு போராடிச் சாகும்போது, அவன் சாவுக்குக் காற்றும் நீரோட்டமும் காரணமில்லை, கறுத்தம்மாதான் காரணம் என்றே கதை நம்மை நினைக்க வைக்கிறது. காவியம் மாதிரி இருக்கிறது, சரி. கடலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், மருமகளைச் சந்தேகப்படு என்று சொல்கிற காவியம்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த நாவல். வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற சண்டை, பிலோமியின் காதல், அந்த மென்மையான மொழி... எல்லாம் இருக்கிறது. ஆனால் தலைப்பே சொல்லிவிடுகிறதே, கடல்'புரத்தில்' என்று. அதன் உயிர் கரையில்தான் இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972. பாண்டியன் போகிற தொங்கான் புயலில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பக்கங்களைத் தமிழில் இன்னும் யாரும் தாண்டவில்லை. வானம் எது, கடல் எது என்று தெரியாத அந்தக் களேபரத்தை வாக்கியங்களை உடைத்துப் போட்டே காட்டியிருப்பார். ஆனாலும் பாண்டியன் பயணி. கையைக் கட்டிக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவன். பாயை இறக்குவதும் சுக்கான் பிடிப்பதும் வேறு ஆட்களின் வேலை.

இப்போது இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன். மூன்று வருட இடைவெளியில் வந்தவை. இரண்டிலும் தமிழ் மண் உண்டு. இரண்டிலும் நடுக்கடல் உண்டு. ஒன்று உலகத்துக்கே தெரியும். இன்னொன்று நம்மிலேயே பலருக்குத் தெரியாது.

முதலாவது, யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை'. 2001-ல் வந்து, மறு வருடம் புக்கர் பரிசு வாங்கியது. ஆங் லீ 2012-ல் படமாகவும் எடுத்துவிட்டார். பாண்டிச்சேரிப் பையன் ஒருவன், கப்பல் மூழ்கிப்போய், உயிர்காக்கும் படகில் ஒரு வங்கப் புலியோடு 227 நாள் மிதக்கிறான். புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா?

1884-ல் 'மிக்னனெட்' என்ற சின்ன உல்லாசப் படகு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. தென் அட்லாண்டிக்கில் மூழ்கிவிட்டது. நாலு பேர் 13 அடித் திறந்த படகில் தப்பினார்கள். கேப்டன் டட்லி, ஸ்டீவன்ஸ், புரூக்ஸ், அப்புறம் ரிச்சர்ட் பார்க்கர் என்ற பதினேழு வயது எடுபிடிப் பையன். அனாதை. கையில் இருந்தது இரண்டு டின் டர்னிப் கிழங்கு. குடிக்கத் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு ஆமை அகப்பட்டது. பையன் தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்துச் சுருண்டு விழுந்துவிட்டான். மூன்றாவது வாரத்தில் கேப்டன் ஒரு கணக்குப் போட்டார். நமக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, இவனுக்கு யாரும் இல்லை, எப்படியும் சாகப்போகிறான். பேனாக்கத்தியால் கழுத்தில் குத்திக் கொன்று, மூன்று பேரும் தின்றார்கள். நாலைந்து நாளில் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து காப்பாற்றியது.

டட்லிக்கும் ஸ்டீவன்ஸுக்கும் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு ஆறு மாத ஜெயிலாகக் குறைத்தார்கள். பசிக்காகக் கொல்வது குற்றமா இல்லையா என்று இன்றைக்கும் நம்மூர் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

மார்ட்டெல் தின்னப்பட்ட பையனின் பெயரைத் தின்னுகிற புலிக்கு வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான். நாவலின் கடைசியில் பை இன்னொரு கதையும் சொல்வான். (இன்னும் படிக்காதவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த பாராவுக்குத் தாவிவிடுங்கள்.) அதில் மிருகங்களே கிடையாது. படகில் இருந்தது அவன், அவன் அம்மா, ஒரு மாலுமி, ஒரு சமையல்காரன். சமையல்காரன் கொல்கிறான், தின்கிறான். பிறகு பை அவனைக் கொல்கிறான். எந்தக் கதை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டு முடிப்பான்.

ஆக, மேல்நாட்டுப் படகுக் கதையின் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. இடம் ஒன்றுதான், ஆள் பலர் என்றால் யாரைத் தள்ளுவது? யாரைத் தின்பது? ப்ளையும் ஷாக்கிள்டனும் பெரிய மனிதர்களாக நிற்பதே அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டதால்தான். கேள்வி அங்கேயேதான் இருக்கிறது, தண்ணீருக்கடியில் பாறை மாதிரி.

இனி இரண்டாவது புத்தகம். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு'. 2004-ல் தமிழினி வெளியீடாக வந்தது. ஆமந்துறை என்ற மீனவ ஊரின் அரை நூற்றாண்டுக் கதை, 1933-லிருந்து 1985 வரை. ஊரில் நடக்கிற காதல், பகை, கொலை, சாமியார், வியாபாரம் எல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் 1985-ல் கட்டுமரம் சிதைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேர் வந்து வந்து போகிறார்கள். கோத்ராப் பிள்ளை, சூசையார், சிலுவை. இரண்டு பேர் வயதானவர்கள். சிலுவை இளைஞன்.

கட்டுமரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ்காரன் 'கேட்டமரான்' என்று நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். மீனவர்கள் சுருக்கமாக 'மரம்' என்பார்கள். படகு என்றால் அதற்கு ஒரு வயிறு இருக்கும், தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். மரத்துக்கு வயிறே கிடையாது. கனமில்லாத கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறி இடுக்கு வழியே ஒழுகிப் போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளலாம். மூழ்கவே மூழ்காது. ஒரே ஒரு ஆபத்து, கட்டு அவிழ்வது. கயிறு விட்டுவிட்டால் அப்புறம் மரம் இல்லை, வெறும் கட்டைகள்தான் மிச்சம்.

எல்லாரையும் சேர்த்துத் தாங்குகிற கட்டை இல்லாதபோது என்ன நடக்கும்? டட்லியின் படகில் நடந்தது நமக்குத் தெரியும். டி குரூஸின் நாவலில் நேர் எதிராக நடக்கிறது. மூத்தவர்கள் இளையவனுக்காகத் தங்கள் உயிரை விடுகிறார்கள். நாங்கள் வாழ்ந்து முடித்தவர்கள், நீ கரைக்குப் போ என்பதுதான் அவர்கள் போடும் கணக்கு. டட்லியும் கணக்குதான் போட்டார், இவர்களும் கணக்குதான் போடுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

தலைப்பைக் கவனியுங்கள். கம்பராமாயணத்தில் கைகேயி ராமனிடம், இந்தக் கடல் சூழ்ந்த உலகத்தைப் பரதன் ஆளட்டும், நீ காட்டுக்குப் போ என்று சொல்லும் இடத்திலிருந்து வந்த சொல் அது. மூத்தவன் முகம் வாடாமல் இளையவனுக்கு இடம் விட்ட இடம். பரதவர் கதைக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று முதலில் தோன்றும். நடுக்கடல் அத்தியாயங்களைப் படித்து முடித்ததும் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது என்றுதான் எனக்குப் படுகிறது.

'அட, இது தியாகம், சிலுவை, பாவமன்னிப்பு என்று போகிற சர்ச் பிரசங்கம்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இளைஞனுக்குப் பெயரே சிலுவை என்று இருக்கும்போது சந்தேகம் வராமல் இருக்குமா? ஆனால் ஒரு விஷயம் நாவலைக் காப்பாற்றுகிறது. இந்தப் பெரியவர்கள் புனிதர்கள் இல்லை. கரையில் அவர்களுக்கு ஆசை உண்டு, சறுக்கல் உண்டு, வாய் திறந்தால் கெட்ட வார்த்தை உண்டு. அவர்கள் இடம் விடுவது மதம் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் வந்தது இல்லை, தொழில் சொல்லிக் கொடுத்தது. முத்துக் குளித்த கடற்கரையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். (தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல்.) குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். கயிறு மேலே படகில் இருப்பவன் கையில். அவன் ஒரு நிமிஷம் அசந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. தன் உயிரை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வேலை பார்ப்பதே பிழைப்பாக இருந்த இடத்தில், அடுத்தவன் உயிர் தன் கையில் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்துகொண்டே இருக்கிறார்கள். யாருக்கு யார் மச்சான், யார் கொழுந்தியாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் படிக்க முடியும். வட்டார வழக்கு முதல் ஐம்பது பக்கத்துக்குக் கரடுமுரடாக இருக்கும். சில இடங்களில் ஊர் வரலாற்றைச் சொல்கிற அவசரத்தில் மனிதர்கள் நழுவிவிடுகிறார்கள். அவருடைய அடுத்த நாவலான 'கொற்கை'யில் (2009) இந்தக் குறை இன்னும் பெரிதாகிவிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், தூத்துக்குடித் தோணித் தொழிலின் முழு வரலாறு. 2013-ன் சாகித்ய அகாடமி விருதும் அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் என்னைக் கேட்டால், 'கொற்கை'யின் ஆயிரம் பக்கத்தைவிட 'ஆழி சூழ் உலக'த்தில் மூன்று பேர் தண்ணீரில் கிடக்கும் பக்கங்கள் கனமானவை. அங்கே கண் கரையில் இல்லை. அலைமட்டத்தில் இருக்கிறது. அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் கரை தெரியாது, அடுத்த அலைதான் தெரியும். இரண்டாயிரம் வருடம் கரையில் நின்றுகொண்டிருந்த தமிழ் இலக்கியம் ஒருவழியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

இதெல்லாம் வெறும் இலக்கியப் பேச்சு என்று நினைக்காதீர்கள். நாவல் வந்த அதே 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தது. கரையில் எச்சரிக்கை சொன்னபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். தேடிப் போனதில் மீனவர்களும் உண்டு, சொந்தப் படகில், சொந்த டீசலில். நாம் டி.வி.யில் கீழே ஓடிய எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாயமானவர்கள் இத்தனை, மீட்கப்பட்டவர்கள் இத்தனை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து மீண்ட சிலர், கூட வந்தவன் கண் முன்னால் கை தளர்ந்து போனதைச் சொன்னார்கள். கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

அவர்களிடம் 'எப்படிச் சார் தப்பித்தீர்கள்?' என்று கேட்கிற மைக், ப்ளை கதையைத்தான் எதிர்பார்க்கிறது. இத்தனை மைல், இத்தனை நாள், ஜெயித்துவிட்டேன் என்று. அவர்களிடம் இருப்பது அந்தக் கதை இல்லை. 'எனக்காக ஒருத்தன் கையை விட்டான்' என்றோ, 'அவன் கையை நான் பிடித்திருக்கலாமோ' என்றோ தொடங்குகிற கதை. அதைக் கேட்கிற பொறுமையும் பழக்கமும் நமக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவது நல்ல நாவல்தான், செய்தி தராது.

'லைஃப் ஆஃப் பை' படியுங்கள், தப்பில்லை. நல்ல நாவல். படமும் பாருங்கள், புலி பிரமாதமாக இருக்கும். கூடவே 'ஆழி சூழ் உலகு' ஒன்று வாங்கி வையுங்கள். முதல் ஐம்பது பக்கம் மல்லுக்கட்டுங்கள், அப்புறம் அது உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்த தடவை பேப்பரில், ஏழாம் பக்கத்து மூலையில், 'கடலுக்குச் சென்ற மூன்று மீனவர்களில் ஒருவர் கரை திரும்பினார்' என்று நாலு வரி வரும். கட்டாயம் வரும். அப்போது அந்த ஒருவர் எப்படித் திரும்பினார் என்று மட்டும் யோசிக்காதீர்கள். மற்ற இரண்டு பேர் அவரிடம் கடைசியாக என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.